பக்கவாதத்தில் செயலிழந்த கை: ரோபோவும் மெய்நிகர் விளையாட்டும் எவ்வளவு உதவும்?

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் இருந்து வீடு திரும்புகிறவர்களில் பலர் சில வாரங்களில் கைத்தடி ஊன்றியோ, மகனின் தோளைப் பிடித்தோ நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் கை அப்படி வருவதில்லை. மடியில் கிடக்கிறது, விரல்கள் மடங்கி இறுகுகின்றன, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, சோற்றைப் பிசைய முடியவில்லை. கால் வந்துவிட்டது, கை மட்டும் வரவில்லையே என்ற கவலை பக்கவாதம் கண்ட பல வீடுகளில் உண்டு.

இந்த நேரத்தில்தான் யாராவது ஒரு வாட்ஸ்அப் காணொளியை அனுப்புகிறார்கள். அதில் ஒரு முதியவரின் கையை ரோபோ ஒன்று பிடித்து அசைக்கிறது. இன்னொருவர் கண்ணில் பெரிய கண்ணாடி போன்ற ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, இல்லாத பழங்களை எட்டிப் பறிக்கிறார். "இங்கே சேர்த்தால் அத்தாவுக்குக் கை வந்துவிடுமா? நகையை வைத்தாவது பணம் கட்டலாமா?" என்று குடும்பத்தினர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. அந்தக் கருவிகள் என்ன செய்கின்றன, பெரிய ஆய்வுகளில் என்ன தெரியவந்தது, வீட்டில் நாம் என்ன செய்யலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

பழுது கையில் இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பக்கவாதம் கையில் வரும் நோய் அல்ல. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி சேதமடைகிறது. மூளையின் இடப்பக்கம் சேதமடைந்தால் உடலின் வலப்பக்கமும், வலப்பக்கம் சேதமடைந்தால் இடப்பக்கமும் செயலிழக்கின்றன. வீட்டில் மின்விளக்கு நன்றாக இருந்தும் சுவருக்குள் ஒயர் அறுந்துபோனால் விளக்கு எரியாதல்லவா? அதுபோலத்தான் இதுவும். கையின் எலும்பும் தசையும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை வரும் வழிதான் அறுந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பல வீண் செலவுகளைத் தவிர்க்கலாம். வாதம் வந்த கையில் புறா ரத்தத்தைத் தடவும் பழக்கம் நம் பகுதிகளில் இன்னும் மறையவில்லை. ஓடும் ரத்தம் நஜீஸ் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மூளையில் ஏற்பட்ட சேதத்தைத் தோலின் மேல் தடவும் எந்தப் பொருளும் சரிசெய்யாது. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது நோயாளிக்கு இதமாக இருக்கலாம், ஆனால் அறுந்த வழியை அது இணைப்பதில்லை.

அப்படியானால் கை எப்படித்தான் திரும்ப வருகிறது? இறந்துபோன மூளைச் செல்கள் மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஆனால் சேதமடையாத பகுதிகள் புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொண்டு, இழந்த வேலையின் ஒரு பகுதியைத் தாங்களே ஏற்றுச் செய்யக் கற்றுக்கொள்கின்றன. இந்தத் திறனை அல்லாஹ் மூளைக்கு வழங்கியிருக்கிறான். ஆனால் அது தானாக வேலை செய்வதில்லை. நோயாளி தன் முயற்சியால் அந்தக் கையை அசைக்க முயல வேண்டும், அந்த முயற்சி திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். ஹிஃப்ளு வகுப்பில் ஒரு மாணவர் ஒரு பக்கத்தை எத்தனை முறை ஓதி ஓதி மனனம் செய்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். மூளை அசைவைக் கற்பதும் ஏறக்குறைய அப்படித்தான்.

முப்பத்திரண்டு முறை போதுமா?

எத்தனை முறை என்பதில்தான் சிக்கல். 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள மறுவாழ்வு மையங்களில் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி நடப்பதை அருகிலிருந்து பார்த்து எண்ணினார்கள். ஒரு அமர்வில் நோயாளி தன் பாதிக்கப்பட்ட கையால் ஒரு வேலையைச் செய்யும் அசைவுகள் சராசரியாக 32 முறைதான் நடந்தன. ஆனால் விலங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில், மூளையில் மாற்றம் உண்டாக ஒரு நாளில் பல நூறு முறை அசைவுகள் செய்ய வைக்கப்பட்டன. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்!

இது தெரபிஸ்டின் குற்றமல்ல. கனத்துக் கிடக்கும் ஒரு கையைத் தாங்கிப் பிடித்து ஐந்நூறு முறை நீட்டி மடக்க எந்த மனிதராலும் நாள்தோறும் முடியாது. நோயாளிக்கும் சலிப்பு வந்துவிடும். இந்த இரண்டு தடைகளுக்கும் விடை தேடித்தான் கருவிகள் வந்தன. களைப்பு என்ற தடைக்கு ரோபோ, சலிப்பு என்ற தடைக்கு மெய்நிகர் விளையாட்டு.

இன்னொரு தடையும் உண்டு. பக்கவாதம் வந்த புதிதில் நோயாளி அந்தக் கையால் எதையாவது செய்ய முயன்று தோற்கிறார். நல்ல கையால் செய்தால் உடனே முடிகிறது. சில வாரங்களில் மூளை ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: அந்தக் கை வேண்டாம். பிறகு அந்தக் கையில் ஓரளவு பலம் திரும்பினாலும் அவர் அதைப் பயன்படுத்துவதில்லை. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். நல்ல கைக்கு உறை மாட்டி அதைக் கட்டுப்படுத்தி, பாதிக்கப்பட்ட கையையே வேலை செய்யவைக்கும் பயிற்சி முறை அவருடைய ஆய்வுகளில் இருந்து உருவானது. 2006இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 222 பேர் பங்கேற்றனர். இரண்டு வாரம் விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறை அணிந்து பயிற்சி செய்தவர்களின் கை, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் கையைவிடத் தெளிவாக முன்னேறியது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நீட்ட முடிகிறவர்களுக்கே இது பொருந்தும். மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் வீட்டில் நல்ல கையைக் கட்டிப்போடக் கூடாது, கீழே விழும் ஆபத்து உண்டு.

ரோபோ எப்படி வேலை செய்கிறது?

ரோபோ என்றதும் சினிமாவில் வரும் இரும்பு மனிதனை நினைக்க வேண்டாம். கை மறுவாழ்வுக்கான ரோபோ பெரும்பாலும் ஒரு மேசையும், அதில் மோட்டாரால் நகரும் ஒரு பிடியும், முன்னால் ஒரு திரையும் கொண்டது. இத்துறையின் முன்னோடி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் நெவில் ஹோகன், ஹெர்மானோ இகோ கிரெப்ஸ் ஆகியோர் உருவாக்கிய 'எம்.ஐ.டி. மேனஸ்' என்ற கருவி. 1990களில் இருந்தே நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டு வருகிறது. 'மேனஸ்' என்றால் இலத்தீன் மொழியில் கை என்று பொருள்.

நோயாளியின் முன்கையைப் பிடியில் வைத்துக் கட்டுகிறார்கள். திரையில் ஒரு புள்ளி தோன்றுகிறது. கையை அந்தப் புள்ளிவரை நகர்த்த வேண்டும். நோயாளி முயல்கிறார். அவரால் முடிந்தால் ரோபோ சும்மா இருக்கிறது. பாதி தூரத்தில் நின்றுபோனால் மீதிக்கு மட்டும் மெல்லத் தள்ளிவிடுகிறது. நாளாக ஆக அவர் முன்னேறினால் உதவியைக் குறைக்கிறது. சைக்கிள் ஓட்டப் பழகும் பிள்ளையின் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் தகப்பனைப் போல, தேவைப்படும் அளவுக்கு மட்டும் தாங்குகிறது. முழு வேலையையும் ரோபோவே செய்து, நோயாளி டிவி பார்த்துக்கொண்டிருந்தால் பெரிய பயன் கிடைக்காது. முயற்சி அவருடையதாக இருக்க வேண்டும்.

இத்தகைய ரோபோக்கள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, கையின் நுனியை மட்டும் பிடித்து நகர்த்துவது. மற்றொன்று, தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றையும் சட்டைபோல வெளியில் இருந்து அணைத்துக்கொண்டு அசைப்பது. இரண்டாவது வகை அமைப்பில் சிக்கலானது, விலையும் அதிகம்.

மெய்நிகர் உலகம் என்றால் என்ன?

விர்ச்சுவல் ரியாலிட்டி என்பதை மெய்நிகர் உலகம் என்கிறோம். இதிலும் இரண்டு நிலைகள் உள்ளன. எளியது, டிவி திரைக்கு முன் உட்கார்ந்து விளையாடுவது. கையில் உள்ள கருவியோ, எதிரே உள்ள கேமராவோ கையின் அசைவைப் படித்துத் திரையில் காட்டும். முழுமையானது, கண்களை மூடி மறைக்கும் கருவியைத் தலையில் மாட்டிக்கொள்வது. அதை மாட்டியவர் திரும்பும் பக்கமெல்லாம் வேறொரு உலகம் தெரியும். ஒரு சமையலறை, ஒரு கடை, ஒரு தோட்டம் என எதுவாகவும் அது இருக்கலாம்.

இதில் மருத்துவப் பயன் என்ன? நோயாளி ஒரு மெய்நிகர் கோப்பையை எடுத்து அலமாரியில் வைக்கிறார். உண்மையில் தோள் உயர்கிறது, முழங்கை நீள்கிறது. சரியாக வைத்தால் ஒலி எழுகிறது, மதிப்பெண் ஏறுகிறது. கையின் பலத்துக்கு ஏற்ப அலமாரியை உயர்த்தலாம், தாழ்த்தலாம். நேற்று 40, இன்று 55 என்று எண் கண் முன்னே தெரியும்போது மறுநாளும் முயல வேண்டும் என்ற ஆர்வம் பிறக்கிறது. "இந்த வயதில் என்ன விளையாட்டு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கூச்சப்படலாம். இதை வீண் பொழுதுபோக்காகப் பார்க்க வேண்டியதில்லை, பயிற்சியைச் சலிப்பில்லாமல் செய்ய வைக்கும் ஒரு வழி இது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சிலருக்குத் தலைக் கருவி மாட்டியதும் தலைசுற்றலும் குமட்டலும் வரும். வலிப்பு வந்திருப்பவர்கள், பார்வையில் ஒரு பக்கம் மறைந்திருப்பவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்த நிலையில், அருகில் ஒருவர் இருக்கவே பயிற்சி செய்ய வேண்டும்.

ஆய்வுகளில் கிடைத்த பதில்

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இந்தக் கருவிகளால் கை வருகிறதா?

2010இல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வெளியானது. பக்கவாதம் வந்து 6 மாதம் அல்லது அதற்கு மேல் ஆன 127 பேர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு எம்.ஐ.டி. மேனஸ் ரோபோவுடன் 36 அமர்வுகள். இன்னொரு குழுவுக்கு அதே அளவு தீவிரமான பயிற்சி, ஆனால் மனிதத் தெரபிஸ்டின் கையால். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. 12 வாரத்தின் முடிவில் வழக்கமான கவனிப்புக் குழுவைவிட ரோபோ குழுவுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் தெரியவில்லை. 36ஆவது வாரத்தில் சிறிய அளவு நன்மை தெரிந்தது. ஆனால் தெரபிஸ்ட் கையால் தீவிரப் பயிற்சி பெற்றவர்களை ரோபோ குழு முந்தவில்லை.

அதைவிடப் பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்தது. ஹெலன் ரோஜர்ஸ் தலைமையில் நான்கு மையங்களில் 770 பேரைச் சேர்த்து நடத்திய இதன் முடிவு 2019இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ரோபோ குழுவும் தீவிரப் பயிற்சிக் குழுவும் வாரம் 3 நாள், நாளுக்கு 45 நிமிடம் வீதம் 12 வாரம் பயின்றன. மூன்று மாதத்தில் கையின் செயல்திறனில் வெற்றி என்று கொள்ளத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் ரோபோ குழுவில் 44 சதவீதம், தீவிரப் பயிற்சிக் குழுவில் 50 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 42 சதவீதம். இந்த வேறுபாடுகள் ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று தீர்ப்பளிக்கப் போதுமானவை அல்ல. ரோபோவில் பயின்றவர்களின் கை அசைவு ஓரளவு கூடியது. ஆனால் அந்த அசைவு சட்டை போடுவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளாக மாறவில்லை.

மெய்நிகர் விளையாட்டிலும் இதே கதைதான். கனடாவைச் சேர்ந்த குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் நான்கு நாடுகளில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. 141 பேர். பாதிப்பேருக்கு நிண்டெண்டோ வீ என்ற வீடியோ விளையாட்டு. மீதிப்பேருக்குச் சீட்டு அடுக்குவது, மரக்கட்டைகளை அடுக்குவது, பந்து எறிவது போன்ற சாதாரண விளையாட்டுகள். இரண்டு வாரத்தில் 10 அமர்வுகள். இரு குழுவினருமே முன்னேறினார்கள், இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. விலையுயர்ந்த கருவியும் மரக்கட்டையும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன.

அப்படியானால் எல்லாம் வீணா? அதுவும் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017இல் 72 மெய்நிகர் ஆய்வுகளைத் தொகுத்தது. மொத்தம் 2,470 நோயாளிகள். வழக்கமான பயிற்சியை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக மெய்நிகர் பயிற்சியைக் கொடுத்தால் கைக்குக் கூடுதல் நன்மை இல்லை. வழக்கமான பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்து மொத்தப் பயிற்சி நேரம் கூடியபோது நன்மை தெரிந்தது. அதே அமைப்பு 2018இல் கை ரோபோக்கள் பற்றிய 45 ஆய்வுகளை, 1,619 நோயாளிகளின் விவரங்களோடு தொகுத்தது. கையின் பலத்திலும் செயலிலும் அன்றாட வேலைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அந்த முன்னேற்றம் நோயாளியின் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய மாற்றமாக இருக்கும் என்பதை ஆய்வாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

லண்டனில் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் நிக் வார்ட் நடத்தும் பயிற்சித் திட்டமும் இங்கே குறிப்பிடத்தக்கது. நாளுக்கு 6 மணி நேரம், வாரம் 5 நாள், 3 வாரம், ஆக மொத்தம் 90 மணி நேரம் கைக்கு மட்டும் பயிற்சி. 224 பேரின் விவரங்கள் 2019இல் வெளியாயின. அவர்களில் பெரும்பாலானோர் பக்கவாதம் வந்து பல மாதங்கள், ஆண்டுகள் கடந்தவர்கள். ஆனாலும் அவர்களின் கைகள் நன்கு முன்னேறின, ஆறு மாதத்திற்குப் பிறகும் அந்த முன்னேற்றம் நிலைத்தது. இதில் ஒப்பிட வேறு குழு இல்லை என்பது ஒரு குறை. எனினும் "ஆறு மாதம் போய்விட்டது, இனி ஒன்றும் வராது" என்று கையை விட்டுவிடுவது சரியல்ல என்பதற்கு இது நல்ல சான்று. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதன் பிறகு வேகம் குறைகிறதே தவிர, கதவு மூடிவிடுவதில்லை.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பதில் இது: கருவியில் தனி மந்திரம் ஏதும் இல்லை. பயிற்சியின் அளவும், அதில் நோயாளியின் சொந்த முயற்சியும், அந்தப் பயிற்சி அன்றாட வேலையோடு இணைவதும்தான் கையை முன்னேற்றுகின்றன. கருவி அதற்கு உதவினால் நல்லது. கருவி கிடைக்கவில்லை என்பதால் வாய்ப்பே போய்விட்டது என்று எண்ணத் தேவையில்லை.

வேலூரில் உருவான கருவி

வெளிநாட்டு ரோபோக்களின் விலை நம் ஊர் மருத்துவமனைகளுக்கே எட்டாதது. இந்தக் குறையைப் போக்க நம் மாநிலத்திலேயே முயற்சி நடந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து 'புளூட்டோ' என்ற சிறிய கை ரோபோவை உருவாக்கியுள்ளன. ஒரே மோட்டார், அதில் மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய பல பிடிகள். ஒரு பிடியைப் பொருத்தினால் மணிக்கட்டை மடக்கி நீட்டும் பயிற்சி, இன்னொன்றைப் பொருத்தினால் முன்கையைத் திருப்பும் பயிற்சி, மற்றொன்றில் விரல்களை விரித்து மூடும் பயிற்சி. எதிரே கணினித் திரையில் விளையாட்டு ஓடும். மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறியது என்பதால் சிறிய மையங்களுக்கும் வீடுகளுக்கும் கொண்டு செல்ல முடியும் என்பதே இதன் நோக்கம்.

பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்

ரோபோ அல்லது மெய்நிகர் சிகிச்சை தரும் மையத்தில் சேர்ப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஒரு அமர்வில் என் தந்தை தன் சொந்த முயற்சியால் எத்தனை முறை கையை அசைப்பார்? கருவியே முழுக்க அசைக்குமா, அவர் முயல்வதற்கு இடம் தருமா?

கருவிப் பயிற்சிக்குப் பிறகு தெரபிஸ்ட் உட்கார்ந்து, டம்ளர் எடுப்பது, பொத்தான் போடுவது போன்ற வேலைகளைச் செய்யவைப்பாரா? வழக்கமான பயிற்சியோடு சேர்த்துத் தருவீர்களா, அதை நிறுத்திவிட்டு இதை மட்டும் தருவீர்களா?

தொடக்கத்தில் கையின் திறனை அளந்து எழுதி, நான்கு வாரம் கழித்து மறுபடி அளந்து காட்டுவீர்களா? முன்னேற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடலாமா?

வீட்டில் செய்ய என்ன பயிற்சி தருவீர்கள்?

இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் மையம் நம்பத்தக்கது. "இத்தனை நாளில் நூறு சதவீதம் கை வந்துவிடும்" என்று உத்தரவாதம் தருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஷிஃபா அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, நேர்மையான எந்த மருத்துவரும் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை. வீட்டையும் நகையையும் விற்று மூன்று மாதம் ரோபோவுக்குச் செலவழித்துவிட்டு, நான்காவது மாதம் சாதாரணத் தெரபிக்கே பணம் இல்லாமல் நிற்பதைவிட, இருக்கும் பணத்தில் ஒரு நல்ல தெரபிஸ்டை ஓராண்டுக்கு அமர்த்துவது மேல்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஒரு கண்ணாடியும் உங்கள் நேரமும் போதும், நல்ல பயிற்சி ஒன்றைத் தொடங்கலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவரான வி.எஸ். ராமச்சந்திரன், அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தபோது கை இழந்தவர்களின் வலியைத் தணிக்கக் கண்ணாடியைப் பயன்படுத்திப் பார்த்தார். பிறகு அது பக்கவாதத்திற்கும் வந்தது. மேசையில் ஒரு நிலைக்கண்ணாடியை உடலுக்கு நேராக நிறுத்தி, பாதிக்கப்பட்ட கையை அதன் பின்னால் மறைத்து வைக்க வேண்டும். நல்ல கையை அசைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால், மறைந்திருக்கும் கையே அசைவதுபோலத் தெரியும். அதே நேரத்தில் அந்தக் கையையும் அசைக்க முயல வேண்டும். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு மெய்நிகர் உலகம்தான். காக்ரேன் அமைப்பு 2018இல் 62 ஆய்வுகளைத் தொகுத்து, கை அசைவுக்கு இது உதவுகிறது என்று கண்டது. தெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டு தினமும் செய்யலாம்.

அடுத்து, அன்றாட வேலைகளையே பயிற்சியாக்குங்கள். தஸ்பீஹ் மணிகளை ஒவ்வொன்றாக நகர்த்துவது, துண்டை மடிப்பது, மேசையைத் துடைப்பது, டம்ளரை இங்கிருந்து அங்கே வைப்பது. உளூச் செய்யும்போது குழாயைத் திறப்பதையும், நல்ல கையின் துணையோடு பாதிக்கப்பட்ட கையை முகம்வரை கொண்டுசெல்வதையும் தெரபிஸ்டிடம் சொல்லிப் பயிற்சியின் இலக்காக வைத்துக்கொள்ளலாம். நோயாளிக்கு எந்த வேலை முக்கியமோ அந்த வேலையில்தான் மனம் ஈடுபடும்.

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெற்றோருக்குச் செய்யும் கித்மத் பெரும் நன்மை. ஆனால் பக்கவாதம் வந்த தாய்க்கு எல்லா வேளையும் நாமே ஊட்டிவிட்டு, நாமே பொத்தான் போட்டு, தண்ணீர்ச் செம்பையும் வாயருகே கொண்டுபோனால் அந்தக் கைக்கு அசைய ஒரு காரணமும் இல்லாமல் போகிறது. அவர் பாதி சிந்திக்கொண்டே சாப்பிடட்டும். பத்து நிமிட வேலைக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளட்டும். அருகில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருப்பது ஊட்டிவிடுவதைவிடக் கடினமான கித்மத்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. நோயாளியைத் தூக்கும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவோ, அக்குளில் கைவிட்டுத் தூக்கவோ கூடாது. தளர்ந்த தசைகளால் தோள்மூட்டு ஏற்கெனவே சரிந்திருக்கும். இழுத்தால் கடும் வலி வந்து, பயிற்சியே முடியாமல் போய்விடும். உட்காரும்போது அந்தக் கையைத் தொங்கவிடாமல் தலையணைமேல் வைத்துவிடுங்கள்.

வணக்கத்தில் மனச்சுமை வேண்டாம்

வலக்கை செயலிழந்த பலர் வெளியில் சொல்லாமல் ஒரு குற்ற உணர்வைச் சுமக்கிறார்கள். இடக்கையால் சாப்பிடுகிறோமே, தக்பீருக்கு இரு கையையும் உயர்த்த முடியவில்லையே, உளூ சரியாகச் செய்யவில்லையே என்று வருந்துகிறார்கள். இவை தகுந்த காரணத்தோடு கூடிய நிலைகள். வலக்கை இயலாதவர் இடக்கையால் உண்பதில் குற்றமில்லை. முடிந்த கையை மட்டும் உயர்த்தித் தக்பீர் சொல்லலாம். உளூவுக்கு இன்னொருவர் தண்ணீர் ஊற்றி உறுப்புகளைக் கழுவிவிடலாம், அதுவும் இயலாத நிலையில் தயம்மும் இருக்கிறது. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், உட்கார முடியாதவர் படுத்தும் தொழலாம். தங்கள் நிலைக்கான விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்திற்குப் பின் மனச்சோர்வு பரவலாக வருகிறது. காரணமில்லாத அழுகை, யாரிடமும் பேசாமை, பயிற்சிக்கு மறுப்பு ஆகியவற்றை ஈமான் குறைவாகவோ பிடிவாதமாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளையின் பாதிப்பும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் சொன்னால் அதற்கும் சிகிச்சை உண்டு.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

ஒரு குடும்பத்தால் முடியாததை ஓர் ஊர் செய்யலாம். பள்ளிவாசல்களுக்குச் சொந்தமான அறைகள் பல ஊர்களில் பகலில் பூட்டிக் கிடக்கின்றன. வாரம் மூன்று நாள் ஒரு பிசியோதெரபிஸ்டை வரவழைத்து, மேசை, கண்ணாடி, சில எளிய கருவிகளை வைத்து, சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லாச் சமூகத்து நோயாளிகளுக்கும் பயிற்சி தரலாம். பெண்களுக்குத் தனி நேரமும் பெண் தெரபிஸ்டும் ஏற்பாடு செய்தால், கூச்சத்தால் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் தாய்மார்கள் வெளியே வருவார்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை நோயாளிக்கு அவரது சிகிச்சைச் செலவுக்காக ஜகாத் தொகையையே கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு நினைவூட்டல். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரென்று தெரிந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். குழாய் அடைப்பால் வந்த பக்கவாதம் என்று ஸ்கேனில் தெரிந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுவதும் புகையிலையை விடுவதும், இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தக் கருவியும் நமக்குத் தேவைப்படாமல் போக உதவும்.

நம்மில் நோயுற்றிருப்போருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைக் கவனித்துக்கொள்வோருக்குப் பொறுமையையும் வழங்குவானாக. ஆமீன்.